நாலு மணிக்குப் பிறகு

கணினித் திரையில், இணையதள முகவரிக்கு முன்னால் பூட்டு வந்து உட்கார்ந்தது.

அவள் நம்பவில்லை. பக்கத்தை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள். பூட்டு அங்கேயேதான் இருந்தது.

பதினோரு நாள் பாடு. பூட்டுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் இலவசம்தான், ஆனால் அதை வாங்கிப் பொருத்துவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. எல்லாம் சரியான பிறகும் பூட்டு மட்டும் வராமல் இரண்டு நாள் அழிச்சாட்டியம் செய்தது. கடைசியில் பார்த்தால், முகப்பில் இருந்த ஒரு பூங்கொத்துப் படம் மட்டும் பூட்டில்லாத பழைய வழியிலேயே வந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்ததும்தான் எல்லாம் வழிக்கு வந்தது.

வலிப்பு உள்ள பெண்களுக்கான இணையதளம் அது. கோவில்பட்டியில், வீட்டு முன்னறையில், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலைக்கு நடுவே அவள் நடத்துவது. அவளுக்கும் வலிப்பு உண்டு. அறுநூறு பேர் இருந்தார்கள். உறுப்பினர் மட்டுமே உள்ளே வரலாம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது.

தினமும் மாலை நாலு மணிக்கு, உறுப்பினர்கள் எழுதிய எல்லாவற்றையும் அவள் அழித்துவிடுவாள்.

செண்பகவல்லிக்குப் பிறகு வந்த வழக்கம்.

செண்பகவல்லி கோயம்புத்தூரில், வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றில் இருந்தாள். ஒரு நாள் காலை, விடுதி வைஃபையில், "நேத்து பஸ்ல வந்துருச்சு" என்று தளத்தில் எழுதினாள். அந்த வைஃபையைப் பார்த்துக்கொண்டவன் எப்படியோ அதைப் படித்துவிட்டான். படித்தவன் சும்மா இருந்தானா? சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் செண்பகவல்லிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. அறைக்குப் போனால் தலையணை மேல் ஒரு இரும்புச் சாவிக்கொத்து. வந்தால் கையில் பிடித்துக்கொள்ளட்டும் என்று யாரோ வைத்த கரிசனம்.

மறுநாளே அறையைக் காலி செய்தாள். தளத்துக்கும் அதன் பிறகு வரவில்லை.

மூன்று வருஷம்.

எவனோ தளத்துக்குள் புகுந்து படித்துவிட்டான் என்றுதான் இவள் நினைத்தாள். எழுதியது இருந்தால்தானே படிப்பான்? அன்றிலிருந்து, சாயங்காலம் பரவுவதற்கு முன்பே, நாலு மணிக்கு அழிப்பு.

போன மாதம் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று கணினி காட்டியது. என்ன ஏது என்று தேடிப் படித்தாள். அப்போதுதான் புரிந்தது. எவனும் உள்ளே வரவில்லை. அவர்கள் எழுதுவதெல்லாம் தபால் அட்டை மாதிரி திறந்தபடியே போய்க்கொண்டிருந்தது. வழியில் நின்றவன் படித்தான். தளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அழித்து என்ன பயன்?

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது பூட்டு.

அறிவிப்பு எழுதினாள். 'இனி நாம் எழுதுவது உறைக்குள் ஒட்டித்தான் போகும். வழியில் யாரும் படிக்க முடியாது. நாலு மணிக்கு அழிக்கமாட்டேன். எழுதியது இருக்கட்டும்.'

அறுநூறு பேருக்கும் மின்னஞ்சலிலும் அனுப்பினாள். செண்பகவல்லியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், பதினோரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த ஒரு பெயருக்காகத்தான்.

மூன்றரை மணிக்குள் முப்பத்தெட்டுப் பேர் எழுதினார்கள். மூன்றே முக்காலுக்கு அவரவர் எழுதியதை அவரவரே அழிக்கத் தொடங்கினார்கள். அவள் அழிக்குமுன் தாங்களே அழித்துப் பழகிய தோஷம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. அருப்புக்கோட்டைப் பெண், புதியவள், வழக்கம் தெரியாதவள்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. நான் சொல்லிரவா?"

இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பதில் தெரிந்தவர்கள் வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவார்கள். அதற்குள் கேள்வியே இருக்காது.

நாலு அடித்தது.

கை தன்பாட்டுக்கு மவுஸைத் தேடியது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கணவன் எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, மணி நாலாச்சே. இன்னைக்கு அழிக்கலையா?"

அவள் கணினியை அணைத்துவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் காபி போட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, காபியைச் சூடு ஆறாமல் குடித்தாள். சந்தோஷமாக இருந்தது.

காலை ஆறரைக்குத் திறந்தாள்.

நேற்று அப்படியே இருந்தது.

மூன்று வருஷத்தில் அந்தத் தளத்துக்கு நேற்று என்று ஒன்று இருந்ததில்லை.

அருப்புக்கோட்டைப் பெண்ணின் கேள்விக்குக் கீழே ஏழெட்டுப் பதில்கள். சொல் என்று பாதி, பொறு என்று பாதி. கடைசிப் பதில் வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"சொல்லிரு தங்கச்சி. என் விஷயத்தை அடுத்தவங்க சொன்னாங்க. நாமளே சொல்றது எவ்வளவோ தேவலை."

பெயரைப் பார்த்தாள்.

செண்பகவல்லி.

மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு மொத்தமும் ஒரே சமயத்தில் முண்டியடித்தது. விரல்களைக் கொண்டுபோய் விசைப்பலகையில் வைத்தாள்.

ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை. அதற்குள் அதே பெயரில் கீழே இன்னொரு வரி வந்து விழுந்தது.

"இதை அழிச்சிராதீங்க, அக்கா."