மூன்று சொம்புத் தண்ணீர்

“நம்ம நாட்டுக் கடாவெல்லாம் ஆலங்காயம் சந்தைக்குப் போயாச்சு. மிஞ்சின இந்த ஒரு கடாவையும் வெட்டிட்டா மந்தை இன்னா ஆவும்? சீமைக் கடாவுக்குப் பொறந்த குட்டிங்க இந்த மலை மழையில ஒண்ணாவது தாங்குச்சா?” என்றாள் செல்லியம்மாள்.

“நீ சாவக் கெடந்தப்போ காளியம்மாவுக்கு நேர்ந்துக்கினது. வாய மூடு!” என்றான் புருஷன் சடையன்.

கோயில் முன்னால் பூசாரி கடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம்; அதன் பிறகே வெட்டலாம். கடா அசையவில்லை. இரண்டாவது சொம்பு ஊற்றினார். மூன்றாவதும் ஊற்றினார். காதுகூட ஆடாமல் கல்லைப்போல் நின்றது.

“அம்மா வேணாம்னுட்டா! அவுத்து வுடுங்க!” என்று பூசாரி கத்தினார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வீடு வந்தும் சடையனுக்குப் புல்லரிப்பு அடங்கவில்லை. “அதிசயம்டி! என் கண்ணால பாத்தேன்!”

“நாப்பது நாளா விடிஞ்சதும் ஓடைக்கு ஓட்டிக்கினு போய், சில்லுத் தண்ணிய அது தலைல குடம் குடமா ஊத்திப் பழக்கினேன்.”

சடையன் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “பாவி! சாமியையே ஏமாத்திட்டியா?”

“நாப்பது நாளும் அவ பாத்துக்கினுதானே இருந்தா? கடா வேணும்னா, குடம் தூக்க இந்தக் கைக்குத் தெம்பு குடுத்திருப்பாளா?”