சாட்சி நேரம்

மூச்சை இழுத்தாலே ஹெப்சிக்கு விலா குத்தியது. "சபையில வாயத் திறந்தே, மிச்ச எலும்பையும் ஒடிச்சிருவேன்" என்று புருஷன் காலையில்தான் சொல்லியிருந்தான்.

பழங்காநத்தம் சபையில், கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தது.

"கர்த்தர் கூட இருக்கையில என்ன பயம்? எழும்பிச் சொல்லுங்க" என்றார் பாஸ்டர்.

அடுத்த வீட்டு ராகேல் கிசுகிசுத்தாள்: "எந்திரிங்கக்கா, நான் இருக்கேன்."

எழுந்தாள் ஹெப்சி. "கர்த்தர் தைரியம் குடுத்தாரு. என் விலாவ என் புருஷன்தான் மிதிச்சு ஒடிச்சாரு."

"உட்காரு ஹெப்சி!" பாஸ்டர் மைக்கிலேயே அதட்டினார்.

"அந்த அதட்டல வீட்டோட வச்சுக்கங்க. இங்க நான் கர்த்தர் முன்னால நிக்கிறேன்."

ராகேலும் எழுந்தாள். "நம்ம பாஸ்டரம்மா ஹெப்சியக்கா அலறுறது எங்களுக்குக் கேக்கும். ஊழியக்காரரக் கேள்வி கேக்கலாமான்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

ஒவ்வொருவராகச் சபையே எழுந்து நின்றது. ஆனால் ஒருத்தர் வாயிலிருந்தும் 'மன்னிச்சிரும்மா' என்று வரவில்லை. அந்த மன்னிப்பைச் சபை அவளுக்கு இன்னும் தரவேண்டியிருக்கிறது.