தண்ணீர் தெறிக்காத றோட்டு

அறுநூற்று நாற்பது பவுண்.

கொட்வின் தரவேண்டிய காசு அது. சற்குணம் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தொளாயிரத்துக்கு அவனிடம் விற்று ஐந்து மாதமாகிறது. இருநூற்று அறுபது கையில் கிடைத்தது. மிச்சத்துக்குக் கொட்வினின் முதுகுதான் கிடைத்தது.

இரண்டு பேருக்கும் எட்மண்டனில் ஒரே பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. பெரிய றோட்டால் போனால் சற்குணத்தின் கண்ணில் படவேண்டி வரும் என்று, கொட்வின் இப்போது கால்வாய்ப் பாலத்து ஒழுங்கையால் சுற்றி வருகிறான். இந்தக் கதை சற்குணத்தின் காதில் நேற்றுத்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் சற்குணம் தான் இப்போது ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டவேண்டும். கட்டாவிட்டால் வண்டி வாசலில், அவன் இரண்டு பஸ்ஸில்.

அதனால்தான் இன்றைக்கு நேரத்தோடு வெளிக்கிட்டு வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் மறித்துக்கொண்டு நின்றான்.

நின்று பார்த்தபோது பாலம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பெரிய றோட்டில் ஐஸ் பிடிக்காமல் கவுன்சில் உப்புப் போடும். இந்த ஒழுங்கையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இரவு முழுக்கப் பாலத்துக்கு மேலாலும் காற்று, கீழாலும் காற்று. வீடுகளுக்கு நடுவே கிடந்த றோட்டு வெறும் ஈரமாக இருக்க, பாலத்தின் முதுகு மட்டும் ஒரு மாதிரி மினுங்கியது. ஈரமோ ஐஸோ என்று கண்ணால் சொல்ல முடியாத மினுக்கம்.

ஒரு வெள்ளை வான் அவனைக் கடந்து போனது. சற்குணம் அதன் சில்லுகளையே பார்த்தான். பாலத்தடி வரைக்கும் சில்லுக்குப் பின்னால் தண்ணீர் தெறித்தது. பாலத்தில் ஏறியதும் தெறிப்பு நின்றுவிட்டது. வானின் பின்பக்கம் ஒருதரம் உதறிக்கொண்டது.

றோட்டு மினுங்குகிறது. தண்ணீர் தெறிக்கவில்லை. அப்படியென்றால் அது தண்ணீரே இல்லை.

பதினொரு குளிர்காலம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். என்றாலும் நடந்து போய்க் குதிக்காலால் தேய்த்துப் பார்த்தான். கால் தன்பாட்டில் போனது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்காவிட்டால் அவனும் போயிருப்பான்.

பாலத்துக்கு அங்கால் இறக்கம். இறக்கத்தின் அடியில் லொறிகள் திரும்புகிற சந்தி.

அவன் திரும்பி வரவும், தூரத்து வளைவில் ஒற்றை வெளிச்சம் தெரியவும் சரியாக இருந்தது. கொஞ்சம் இடப்பக்கம் சரிந்த வெளிச்சம். ஏழு வருஷம் ஓட்டிய வண்டி அவனுக்கு அடையாளம் தெரியாதா.

சற்குணம் கையைத் தூக்கினான். தூக்கின கையை உடனே இறக்கினான்.

போன செவ்வாய்க்கிழமை பெற்றோல் ஷெட்டடியில் இவன் இதே கையைக் காட்டியதற்குத்தான் கொட்வின் மஞ்சள் விளக்கையும் பாராமல் பறந்தான். இன்றைக்கும் காட்டினால் இன்னும் முறுக்குவான். முறுக்கிக்கொண்டு நேரே பாலத்தில் ஏறுவான். அதுவும் அந்த முன் டயரோடு.

யோசிக்க நேரமில்லை.

தன் வண்டியில் குத்தியிருந்த திறப்பை உருவிப் பைக்குள் போட்டான். தெருவிளக்குக்குக் கீழே, றோட்டுக்குக் குறுக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சரித்தான். கண்ணாடி ஒன்று நொருங்கியது. அதன் பக்கத்தில் காலை நீட்டி, அடிபட்டு விழுந்தவன் மாதிரித் தானும் படுத்தான்.

ஈரம் முதுகில் ஏறியது. இப்போது ஒரேயொரு பயம்தான். இந்த ஆரஞ்சு ஜாக்கெட் யாருடையது என்று கொட்வினுக்கு நன்றாகத் தெரியும். கண்டுவிட்டு நிற்பானா, இல்லை கரையால் விலத்திக்கொண்டு போவானா?

சத்தம் கிட்ட வந்தது. கொஞ்சம் தடுமாறியது. பிறகு குறைந்தது. முன் சில்லு மெல்ல உருண்டு வந்து அவன் முகத்துக்கு இரண்டு அடி தள்ளி நின்றது.

"அண்ணை, அசையாதேங்கோ. எங்கை அடி? இது எத்தினை விரல்?"

"மூண்டு. எனக்கு எண்ணத் தெரியும். நீதான் எண்ணித் தாறேல்லை."

"விழுந்து கிடந்தும் விடமாட்டியள்," என்று சிரித்துக்கொண்டு, கொட்வின் அவனுடைய கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தான்.

சற்குணம் எழும்பவில்லை. அவன் கண் அந்த முன் சில்லிலேயே நின்றது.

டயர் புதிது. நல்ல ஆழமான வரிகள்.

விற்ற அன்றைக்கு அதில் இருந்தது மொட்டை டயர். சற்குணம்தான் அதற்கு இரண்டு தரம் கறுப்புப் பொலிஷ் பூசினான். டயரெல்லாம் நல்லம் என்று வாயாலும் சொன்னான். கொட்வினுக்கு அதுதான் முதல் வண்டி. அவன் பளபளப்பைத்தான் பார்த்தான்.

"டயர் எப்ப மாத்தினனீ?"

"எடுத்த கிழமையே, அண்ணை. முதல் மழைக்கே சறுக்கி விழுந்திட்டன்." கொட்வின் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் காலால் கரைக்கு ஒதுக்கினான். முகத்தைப் பார்க்கவில்லை. "அதை உங்களிட்டை வந்து என்னெண்டு கேக்கிறது?"

சற்குணம் எழும்பி, பாலத்தில் கிடந்த ஐஸைக் கையால் காட்டினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியை உருட்டிக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பாலத்தின் ஓரத்தால் கடந்தார்கள். ஏழு மணி தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் கால் மணித்தியாலச் சம்பளம் போனது போனதுதான்.

சந்திக்கு வந்ததும் சற்குணம் ஹெல்மெட்டைப் போட்டான். போட்டுக்கொண்டு, கண்ணை மூடும் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினான்.

"அந்தக் காசை இனி நீ தரவும் வேண்டாம், நான் கேக்கவும் மாட்டன்," என்றான். "நாளையிலையிருந்து பெரிய றோட்டாலை வா."