மகன் பெயரை அழுத்தினால்

"அவன் பேரைத் தொட்டாலே செத்துப்போகுதும்மா. நீயே பாரு" என்றாள் அந்த அம்மாள்.

மவுஸை நகர்த்தி மகனின் பெயரை அழுத்தினாள். அழைப்பு மணி பாதி ஒலித்தது. திரை முழுக்க நீலமாகி, அப்படியே கறுத்துப்போனது. கறுத்த கண்ணாடியில் அம்மாள், அவள் கணவர், சர்வீஸுக்கு வந்த பெண் என மூன்று முகங்கள் தெரிந்தன. தேடிய முகம் மட்டும் இல்லை.

ஒரே மாதத்தில் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வருவது இது மூன்றாவது தடவை. பாட்டு ஓடுகிறது, மெயில் வருகிறது. வெளிநாட்டிலிருக்கும் ஒரே பிள்ளையை வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் கம்ப்யூட்டர் விழுந்துவிடுகிறது.

"பேரால இல்லம்மா. கேமராவை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் சரியில்ல. வீடியோ கால் போட்டதும் கேமரா முழிக்கும், உடனே அது எல்லாத்தையும் சாய்ச்சிடும். ஆனா போன தடவை நல்லதாப் போட்டுட்டுத்தானே போனேன்?"

"வீட்டுல காரே இல்ல. டிரைவர் மட்டும் வாரத்துக்கு ஒருத்தர் மாறுறாங்க" என்று அம்மாள் சிரித்தாள். பின்னால் நின்ற கணவர் சிரிக்கவில்லை.

"இப்போதைக்கு என் போன்ல பிள்ளைகிட்டப் பேசுறீங்களா? நம்பர் சொல்லுங்க."

"வேண்டாம்மா, இதுலயே பாத்துக்கலாம்." அம்மாள் அவசரமாக எழுந்தாள். "குடிக்கத் தண்ணி கொண்டாரேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி உள்ளே பார்த்தாள். அவள் போட்ட டிரைவர் இல்லை. இந்தக் கேமராவுக்குப் பொருந்தவே பொருந்தாத பழசு ஒன்று இருந்தது. போன முறை அவள் கிளம்பிய அரை மணி நேரத்தில் ஏற்றப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய முறையும் அப்படித்தான்.

"சார், இது தானா வரல. யாரோ வேணும்னே..."

"நான்தாம்மா."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"புள்ள போய் மூணு மாசமாச்சு. ரோட்டுல அடிபட்டு, அங்கேயே எல்லாம் முடிஞ்சிடுச்சு. இவளுக்கு இதயம் பலவீனம், சொல்ல வாய் வரல. அவன் எழுதுற மாதிரி தினம் நான்தான் மெயில் போடுறேன். முகத்தைக் காட்டுன்னு கேட்டா நான் எங்கம்மா போவேன்? இதைச் சரிபண்ணிடாத."

அவள் விரல்கள் கீபோர்டு மேலேயே நின்றுவிட்டன. பிறகு எதையும் மாற்றாமல் மூடினாள். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாய் முழு வேகத்தில் கொட்டியது.

அம்மாள் தண்ணீரோடு வந்தாள்.

"இந்தத் தடவையும் முடியலம்மா. கேமராவே பழசு..." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அம்மாள் வாசல்வரை கூடவே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிபண்ணாம விட்டியே, நீ நல்லா இருப்ப."

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு மாசமா குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவுறாரு. பெத்தவளுக்குத் தெரியாதா? நான் கூப்பிடுறதை நிறுத்துனா அவருக்குச் சந்தேகம் வந்துடும். அடுத்த வாரமும் வந்துட்டுப் போ."

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடலாமேம்மா?"

உள்ளே குழாய் நின்றது. அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவரு உயிரோட இருக்காரு."