முன்னால் வந்த ‘டூ’

தரமணி அலுவலகத்தின் நான்காம் மாடியில் சாயங்கால வெயில் ஆஷாவின் கணினித் திரைமேல் சாய்ந்து விழுகிறது. பாடநூல் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சாந்தோம் மீனவக் குப்பத்துப் பெண் அவள்; திரையில் இருப்பது அவள் எழுதிய முதல் ஆங்கிலப் பாடம். “ஃபிஷர்மென் நோ திஸ் ஷோர் பெட்டர் தேன் டூ தி மேப்ஸ்.” இந்தக் கரையை வரைபடங்களைவிட மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிற வாக்கியம். அதிலுள்ள ‘டூ’ என்ற துணைவினையின்மேல் மேலாளர் வெங்கடரமணனின் விரல் நிற்கிறது. “‘மேப்ஸ்’ங்கிற எழுவாய்க்கு முன்னாடி வினை எப்படிம்மா வரும்? இது என்ன கேள்வியா? பாடத்தை வேற யாராவது எழுதட்டும்.” சரியென்று ஆஷாவுக்குத் தெரியும்; ஆனாலும் அவள் விரல் அழிக்கும் விசைக்குப் போகிறது. பக்கத்து மேசையில் சாருலதாவின் தட்டச்சுச் சத்தம் நிற்கிறது. “சார், அது சரிதான். ஒப்பிட்டுச் சொல்றப்போ ‘பெட்டர் தேன்’க்கு அப்புறம் வினை முன்னாடி வரலாம். எழுத்து நடையில அது அழகு.” அவர் உதடசைய மறுபடி வாசிக்கிறார். “அட, ஆமாம். இருக்கட்டும். அடுத்த பாடத்தையும் நீயே எழுதும்மா.” அவர் நகர்ந்ததும் ஆஷா சாருலதா பக்கம் திரும்புகிறாள். “அக்கா...” தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிளகாய்ப்பொடி தடவிய கொய்யாத் துண்டுகளில் பெரியதாகத் தேடியெடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டுகிறாள்.