ஐந்து நட்சத்திர இறக்கம்

சைக்கிள் ஓட்ட மலைக்கு வருகிறவர்கள் ஊருக்குப் போனில் போடும் நட்சத்திர மதிப்பு நான்குக்குக் கீழே போனால் அந்த மலையூருக்குப் பஸ் நின்றுவிடும். மூன்று வாரமாகப் பஸ் இல்லை. வெள்ளச்சியின் மருமகளுக்கோ நிறைமாதம்.

"உங்க சாமைக் காட்டு வழியா இறங்க விட்டா எல்லாரும் அஞ்சு ஸ்டார் போடறோம்" என்றான் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன்.

"போட்டுட்டு இறங்கு" என்று வெள்ளச்சி வேலியைப் பிரித்தாள். விளைந்த கதிர்களின் மேல் பன்னிரண்டு சைக்கிள்கள் இறங்கின.

மறுநாள் பஸ் வந்து மருமகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டது. அது வளைவில் மறைந்ததும் வெள்ளச்சி முள்ளை வெட்டிவந்து வேலியை அடைத்தாள்.

"ஸ்டார் போயிடுமே. பச்சப்புள்ளயோட எப்படித் திரும்புவா?" என்றாள் பக்கத்துக் காட்டுக்காரி.

"நான் நடந்துபோய்த் தூக்கியாரேன்" என்றாள் வெள்ளச்சி. அரிவாளை அவள் கீழே வைக்கவில்லை.