கதையில் ஒரு ஓட்டை

குறும்படப் போட்டிக்குக் கதை கேட்க உட்கார்ந்தால், டைரக்டர் யாரையும் முழுசாகச் சொல்ல விடமாட்டார். குறுக்கே புகுந்து திருத்துவார்.

ஒரு பெண் கதைத் தாளோடு உள்ளே வந்தாள். அவளுக்கு அடுத்த ஆளாகக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், ஓரத்து நாற்காலியில் காத்திருந்தார்.

“மழையில ஒரு கார், சைக்கிள்ல போறவரை இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிடுது சார். இடிச்சது யாருன்னு அவர் மக தேடுறா.”

“கண்டுபிடிக்கிறாளா?”

“முடிவு இன்னும் பிடிபடல சார்.”

“முடிவை விடும்மா, ஆரம்பமே சொதப்பல். நிக்காமப் போனா அதுல என்ன கதை இருக்கு? நிக்கணும். இறங்கிப் பார்க்கணும்.”

“பார்த்துட்டு?”

“விழுந்தவன் இவன் காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்.” டைரக்டர் எழுந்தே விட்டார். “இவன் உதறுறான், அவன் விடல. செருப்பு அவன் கையோட போயிடுது. ஒத்தச் செருப்போட ஓடிவந்து கார்ல ஏறுறான். இப்படி யோசிக்கணும்!”

அவள் கதைத் தாளை மடித்து வைத்தாள்.

“செத்துப்போனது எங்கப்பா சார். அவர் கையில ஒரு செருப்பு இருந்துச்சு. அது போலீசையும் எங்களையும் தவிர வேற யாருக்கும் தெரியாது. உங்க கார் மேல சந்தேகம் இருந்துச்சு, சாட்சிதான் இல்ல. கதையைத் தப்பாச் சொன்னா உங்களால திருத்தாம இருக்க முடியாதுன்னு சொன்னாங்க.”

டைரக்டர் வாசலைப் பார்த்தார்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மீதிக் கதையை ஸ்டேஷன்ல உட்கார்ந்து சொல்லுங்க சார். நான் குறுக்கே பேச மாட்டேன்.”